கிறிஸ்மஸ் கொண்டாடலாமா, எப்படிக் கொண்டாடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து வாரம் தொடங்கியதும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர், வாலிபர் ஐக்கியத்துப் பசங்க, ஏற்காட்டிலிருந்து பேசும் உறவுக்காரர்கள் என்று எல்லோரிடமிருந்தும் இதே கேள்விகள்தான் வரும். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லிவரும் பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிறிஸ்மஸ் கொண்டாடலாம், கொண்டாடியே ஆகவேண்டும் என்ற கட்டளை இல்லை. கொண்டாடினால், மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவருக்கு ஒவ்வாத விதத்தில் கொண்டாடக் கூடாது.

பைபிள்ல டிசம்பர் 25-னு எங்கயாச்சும் போட்டிருக்கா டீச்சர்?

இல்லை. பிறப்பைப் பற்றி விவரமாகச் சொல்வது மத்தேயுவும் லூக்காவும்தான். இரண்டிலும் நாளும் இல்லை, மாதமும் இல்லை. மாற்கு, யோவான் ஸ்நானகனிலிருந்து தொடங்கிவிடுகிறார். சுவிசேஷம் எழுதிய யோவான், வார்த்தை மாம்சமானார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆண்டைப் பற்றி மட்டும் ஓரளவு தெரியும். ஏரோது ராஜா உயிரோடிருந்தபோது இயேசு பிறந்தார் என்கிறது மத்தேயு 2. ஏரோது கி.மு. 4-ல் இறந்தான் என்பது பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்களின் கணக்கு. அப்படியென்றால் பிறப்பு அதற்குச் சற்று முந்தி நடந்திருக்க வேண்டும். அகுஸ்து ராயன் பெயர், சீரியாவின் தேசாதிபதி பெயர் என்று எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதிய லூக்கா, தேதியை எழுதவில்லை. நமக்கு அது அவசியம் என்று இருந்திருந்தால் எழுதியிருப்பார்.

அப்ப அந்தத் தேதி எங்கிருந்து வந்துச்சு? ரோமாபுரிக்காரங்க சூரியசாமி பண்டிகையத்தான் இவங்க மாத்திட்டாங்கன்னு யூடியூப்ல ஒரு பிரதர் சொல்றாரே?

அந்த வீடியோ எனக்கும் வந்தது, வருஷா வருஷம் வருகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை நிரூபிக்க ஆதாரம் போதாது.

உண்மையான பாதி இது. ரோம் சக்கரவர்த்தி அவுரேலியன் கி.பி. 274-ல் ‘வெல்லப்படாத சூரியன்’ என்ற தெய்வத்துக்குப் பெரிய கோவில் கட்டினான். ரோமில் 354-ஆம் ஆண்டு தொகுத்த ஒரு பஞ்சாங்கத்தில், டிசம்பர் 25-க்கு நேராக அந்தத் தெய்வத்தின் பிறந்தநாள் என்று இருக்கிறது. ஆனால் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாள் என்று டிசம்பர் 25-ஐச் சொல்லும் மிகப் பழைய பதிவும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. அந்தப் பகுதி 336-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்கிறார்கள். இரண்டும் ஒரே ஏட்டில் கிடைக்கும்போது, யார் யாரைப் பார்த்து வைத்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. சத்துர்னாலியா என்ற இன்னொரு ரோமப் பண்டிகையையும் சிலர் இழுப்பார்கள். அது டிசம்பர் 17-ல் தொடங்கி 23-க்குள் முடிந்துவிடும்.

இன்னொரு விளக்கமும் உண்டு, எனக்கு அதுதான் ஒத்துவருகிறது. இயேசு கருவில் உருவானதும் சிலுவையில் மரித்ததும் ஒரே தேதி, அது மார்ச் 25, என்ற எண்ணம் ஆதிச் சபையில் இருந்தது. ஆதிச் சபைப் போதகர் அகுஸ்தீன் திரித்துவத்தைப் பற்றி எழுதிய நூலில் இதைச் சொல்கிறார். மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. இந்தக் கணக்கும் சரியான தேதியைத் தந்துவிடாது. ஆனால் அவர்கள் சூரியனை மனதில் வைத்துத்தான் நாள் குறித்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இது பதில். கி.பி. 200 வாக்கில் எழுதிய அலெக்சாந்திரியா கிளெமெந்து, சிலர் மே 20-க்குச் சமமான நாளைச் சொல்வதாகக் குறிப்பிடுகிறார். அந்தியோகியாவில் 386-ல் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், டிசம்பர் 25 தங்கள் ஊருக்குத் தெரியவந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை என்கிறார். அர்மேனியச் சபை இன்றைக்கும் ஜனவரி 6-ல்தான் பிறப்பை நினைக்கிறது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஆசரிப்பதால் அவர்களுடைய டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7. ஆகவே தேதி சபை வைத்துக்கொண்டது, தேவன் கொடுத்ததல்ல. இதை ஒத்துக்கொள்வதில் எந்தக் கஷ்டமும் இல்லை.

டிசம்பர் குளிர்ல ராத்திரி யாராவது ஆட்ட வெளிய விடுவாங்களா? லூக்கா 2-ஐ வச்சே டிசம்பர் இல்லன்னு சொல்லிடலாமே?

சொல்ல முடியாது. மேய்ப்பர்கள் இரவில் வயல்வெளியில் தங்கி மந்தையைக் காத்தார்கள் என்றுதான் லூக்கா 2-ல் இருக்கிறது. பெத்லகேம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 775 மீட்டர். நம்ம ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய இரண்டு மடங்கு. அட்சரேகை வேறு என்பதால் பெத்லகேமின் டிசம்பர் ஏற்காட்டைவிடக் குளிர்தான், மழையும் உண்டு. ஆனாலும் ஆட்டை வெளியே விடவே முடியாத ஊர் அல்ல. மழை விழுந்து புல் தளிர்க்கும் காலமும் அதுதான். ‘குளிர்காலத்தில் மந்தை வெளியே இராது’ என்பதும் ‘இருந்திருக்கும்’ என்பதும் அவரவர் ஊகம். லூக்கா அந்த இரவைச் சொன்னது பருவத்தைக் காட்டுவதற்காக அல்ல, செய்தி முதலில் யாருக்குப் போனது என்று காட்டத்தான்.

இயேசு தன் மரணத்தத்தானே நினைவுகூரச் சொன்னாரு? பிறந்தநாள கொண்டாடச் சொல்லவே இல்லையே. சொல்லாததச் செய்யலாமா?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியமானது. சொல்லவில்லை என்பது நிஜம். கர்த்தருடைய பந்தியை, அதாவது நற்கருணையைத்தான் ‘என்னை நினைவுகூரும்படி செய்யுங்கள்’ என்றார். அதனால் கிறிஸ்மஸை நற்கருணைக்குச் சமமாக வைத்துப் பேசுவது தப்பு. வருஷத்துக்கு ஒருமுறை, 25-ஆம் தேதி மட்டும் புதுச்சேலையோடு கோவிலுக்கு வந்து, மற்ற நாளெல்லாம் பந்தியைத் தவிர்ப்பவர்களிடம் இதைக் கண்டிப்பாகவே சொல்வேன்.

ஆனால் ‘கட்டளை இல்லாத பண்டிகை எல்லாம் பாவம்’ என்ற முடிவுக்கு வேதம் இடம் கொடுக்கவில்லை. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் பூரீம் பண்டிகை கிடையாது. தங்களை அழிக்க ஆமான் செய்த சதியிலிருந்து தப்பித்த யூதர்கள், நன்றியாக அதைத் தாங்களே நியமித்துக்கொண்டார்கள் என்று எஸ்தர் 9 சொல்கிறது. விருந்து உண்டு, ஒருவருக்கொருவர் வரிசை அனுப்பி, எளியவர்களுக்குத் தானமும் கொடுத்தார்கள். அடுத்தது, யோவான் 10:22. எருசலேமில் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது, மாரிகாலமாயிருந்தது, இயேசு தேவாலயத்தில் உலாவிக்கொண்டிருந்தார். அந்தப் பண்டிகை, யூதர்களின் விடுதலைக்காகப் போராடிய மக்கபேயர் காலத்தில், கி.மு. 164 வாக்கில், தேவாலயம் மீட்டுச் சுத்திகரிக்கப்பட்டதற்காக ஏற்பட்டது. அதற்கும் மோசேயின் கட்டளை இல்லை. அதைக் கண்டித்து இயேசு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பிறகு ரோமர் 14. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான். அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்கிறார் பவுல். இரண்டு பேரையும் அவர் விட்டுவைக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே நிபந்தனைதான்: கர்த்தருக்கென்று செய்கிறாயா?

ஆனா கலாத்தியர்ல நாள் பார்க்காதீங்கன்னு அதே பவுல் திட்டுறாரே?

கலாத்தியர் 4:10. யாரைத் திட்டுகிறார் என்று பாருங்கள். நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டால்தான் இரட்சிப்பு என்று பின்வாங்கியவர்களை. ‘கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வராதவன் கிறிஸ்தவனே இல்லை’ என்று ஒருவர் சொன்னால் இந்த வசனம் அவருக்குப் பொருந்தும். ‘கிறிஸ்மஸ் கொண்டாடுகிறவனுக்கு இரட்சிப்பு இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கும் பொருந்தும்.

கிறிஸ்மஸ் மரம் வைக்கிறது எரேமியா 10-ல தடுத்திருக்காங்களாமே?

எரேமியா 10-ஐ மூன்றாம் வசனத்தோடு நிறுத்தாமல் பத்தாம் வசனம் வரை வாசியுங்கள். காட்டில் மரத்தை வெட்டி, தச்சன் வாச்சியால் செதுக்கி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து, அசையாதபடி ஆணி அடிக்கிறார்கள். அது பேசாது, நடக்காது, யாராவது சுமக்க வேண்டும். அதற்குப் பயப்படாதிருங்கள் என்கிறார் தீர்க்கதரிசி. இது விக்கிரகம் செய்கிற விதம். கிறிஸ்மஸ் மரமோ 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மானிய நாடுகளில் வீட்டுக்குள் வந்த வழக்கம். எரேமியாவுக்கும் அதற்கும் நடுவே இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

மரத்தைக் கும்பிடாதவரை அது அலங்காரம். வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம். ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் இருப்பவர்கள் சில்வர் ஓக் கிளையைக் கொண்டுவந்து மண் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் நட்டுவைப்பார்கள். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்த மரங்கள் காபிச் செடிக்கு நிழல், மிளகுக் கொடிக்குக் கொம்பு. கேட்காமல் ஒடிக்காதீர்கள். இரட்சகர் பிறப்புக்குத் திருட்டுக் கிளை வேண்டாம். காய்ந்த கிளை, பஞ்சு, சீரியல் பல்பு மூன்றும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்; படுக்கப்போகும்முன் சுவிட்சை அணையுங்கள்.

குடில்ல பொம்மை வைக்கிறோமே, அது விக்கிரகம் ஆகாதா?

மரத்துக்குச் சொன்னதுதான் இதற்கும். 1223-ல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ், வைக்கோல் போட்ட முன்னணையையும் (மாட்டுத் தீவனத் தொட்டி) நிஜ மாட்டையும் கழுதையையும் வைத்து, படிக்காத ஜனங்களுக்கு அந்த இரவைக் காட்டினார். குடில் வழக்கம் ஊர் ஊராகப் பரவ அது பெரிய காரணம். அரிசிபாளையத்தில் இருக்கும் கத்தோலிக்கப் பேராலயமே குழந்தை இயேசு பேரில் உள்ளது. அவர்கள் சொரூபத்துக்குக் கொடுக்கும் மரியாதையும் எங்கள் சபை வழக்கமும் வேறு. என் ஞாயிறு பள்ளியில் குடில் வைக்கிறோம். முன்னால் மெழுகுவர்த்தியோ ஊதுபத்தியோ வைப்பதில்லை.

பிள்ளைகளோடு குடில் கட்டும்போது வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கட்டுங்கள், நல்ல பாடம் கிடைக்கும். சிரட்டையில் கேழ்வரகு முளைக்கவைத்துப் புல்லாக அடுக்குவோம். ‘மாடு எங்க போட்டிருக்கு?’ என்று தேடச் சொல்வேன். லூக்காவில் முன்னணை இருக்கிறது, மாடு இல்லை. மாடும் கழுதையும் ஏசாயா 1:3-ஐ நினைத்து வைத்தது. ‘சாஸ்திரிகள் (கிழக்கிலிருந்து வந்த ஞானிகள்) எத்தனை பேர்?’ என்றால் மூன்று என்று கத்துவார்கள். மத்தேயு காணிக்கை மூன்று என்றுதான் சொல்கிறார், ஆள் எத்தனை என்று சொல்லவில்லை. அவர்கள் வந்தது வீட்டுக்குள் என்று மத்தேயு 2:11-ல் இருக்கிறது. அதனால் எங்கள் குடிலில் சாஸ்திரிகள் தொழுவத்துக்குத் தூரத்தில், இன்னும் நடந்துகொண்டிருப்பார்கள்.

கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போடலாமா?

போடலாம், ஆராதனை நேரத்தில் வேண்டாம். நான்காம் நூற்றாண்டில் மீறா என்ற ஊரில் இருந்த நிக்கொலாஸ் என்ற ஆயரை ஒட்டி வளர்ந்த பாத்திரம் அது. அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. பிள்ளைகள் ‘நிஜமா?’ என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். தாத்தா நிஜம் என்று சொல்லி வளர்த்த பிள்ளை, அது பொய் என்று தெரிந்த அன்றைக்கு இயேசுவைப் பற்றி நீங்கள் சொன்னதையும் சந்தேகப்படும்.

கேரல் ரவுண்ட்ஸ் வேணுமா டீச்சர்? ராத்திரி ஒரு மணிக்கு டிரம் அடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க முகம் சுளிக்கிறாங்க.

வேண்டும், ஆனால் இப்படி வேண்டாம். எனக்கு கேரல் ரவுண்ட்ஸ் உயிர். கோவில் பக்கமே வராத வீட்டுக்குக்கூட அந்த ஒரு இரவு பாட்டும் ஜெபமும் போகிறது. நடக்கமுடியாத வயசானவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். எங்கள் சபையில் ஒரு அம்மா, பார்வை போய்விட்டது, படுக்கைதான். பசங்க கீர்த்தனை பாட ஆரம்பித்ததும் இரண்டாவது சரணத்தை அவரே எடுத்துக்கொடுத்தார். கிட்டார் வைத்திருந்த பையனுக்குச் சரணம் மறந்துவிட்டது. அவருக்கு எழுத்துப் பிசகவில்லை.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சட்டப்படியே தடை இருக்கிறது. நாம் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிற ஜனம். மாலை ஆறுக்கே கிளம்பி, தெருவை இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் பத்துக்குள் முடியும். அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் மைக்கே தேவையில்லை, பத்துப் பேர் வாய்விட்டுப் பாடினால் கடைசி வீடு வரை கேட்கும். பக்கத்தில் நோயாளி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, துக்க வீடு இருக்கிறதா என்று முன்னதாக விசாரியுங்கள். காணிக்கைக் கவரை நீட்டிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. கொடுக்க இல்லாத வீடு கதவைச் சாத்திக்கொள்ளும், அந்த வீட்டுக்குத்தான் நீங்கள் முதலில் போயிருக்க வேண்டும். காபிப் பழம் பறிக்கும் சீசனில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்கள் விடியற்காலையில் மலைச்சரிவில் இறங்கவேண்டும். ஏற்காட்டு வாலிபர்கள் அங்கே ஏழு மணிக்குப் பாடிவிட்டு வாருங்கள்.

பசங்களுக்குச் சாப்பாடு எந்த வீட்டில் என்ற சண்டையும் வருஷா வருஷம் உண்டு. பெரிய விருந்து எதுவும் வேண்டாம். வழியில் நிறுத்தி ஆளுக்கு ஒரு தட்டுவடை செட்டும் சூடாகச் சுக்கு காபியும் போதும். சட்னி வழிய, துருவின பீட்ரூட்டும் கேரட்டும் சட்டையில் கொட்ட, நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

புதுத்துணி எடுக்காம, பிரியாணி செய்யாம பிள்ளைகள எப்படி சமாதானப்படுத்துறது? வட்டிக்கு வாங்கித்தான் செய்யணும் போலிருக்கு.

வாங்காதீர்கள். இதைக் கொஞ்சம் கோபத்தோடேயே சொல்கிறேன். கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு குடும்பம், டிசம்பரில் வாரவட்டிக்கு வாங்கிய பணத்தை மே மாதம் வரை கட்டியதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நின்றுபோனது. அந்தக் கடனை யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தி வாங்கவைக்கவில்லை. ‘சர்ச்சுல எல்லாரும் புதுசு போட்டிருப்பாங்க’ என்ற கூச்சம்தான் வாங்கவைத்தது. அந்தக் கூச்சத்தை உண்டாக்கியதில் சபையாராகிய நமக்கும் பங்கு இருக்கிறது.

லூக்கா 2:24-ஐ எடுத்துப் பாருங்கள். குழந்தையைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்த யோசேப்பும் மரியாளும், ஒரு ஜோடு காட்டுப்புறாவையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது பலியாகச் செலுத்தும்படி வந்தார்கள். லேவியராகமம் 12-இன்படி ஒரு ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும். ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாதவள் இரண்டு புறாவைக் கொண்டுவரலாம். இயேசுவின் தாய் ஏழைகளுக்கு உரிய காணிக்கையோடுதான் வந்து நின்றாள். வேறு யாரிடமும் கடன் வாங்கி ஆட்டுக்குட்டி பிடித்துக்கொண்டு வரவில்லை.

வசதி உள்ளவர்களுக்கும் ஒன்று. ஏழைப் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, போட்டோ எடுத்து, துணி கொடுப்பதை நிறுத்துங்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே அளவு கேட்டு, தாய் கையில் பணமாகக் கொடுத்துவிடுங்கள். சின்னக்கடை வீதிக்கு அவளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நிறம் பார்த்து எடுக்கட்டும்.

கேக்குல ஒயின் ஊத்துறது தப்பா? 24-ஆம் தேதி ராத்திரி எங்க வீட்டு ஆம்பளைங்க குடிக்கிறாங்க, பண்டிகைதானேங்கிறாங்க.

கேக்கைப் பற்றி: பழத்தை ஆரஞ்சு சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைத்தால் போதும். வீட்டில் குடியை விட்டவர் யாராவது இருந்தால் ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள்.

குடியைப் பற்றி: பண்டிகைக்குக் குடிப்பது கொண்டாட்டமே அல்ல. 25 காலை நாலரை மணிக்குக் கோவில் மணி அடிக்கும்போது எழுந்திருக்க முடியாமல் கிடப்பவரை எழுப்பி எழுப்பி அழும் மனைவிமார் எத்தனை பேர் என்று எந்த ஐயரம்மாவை (போதகரின் மனைவி) கேட்டாலும் சொல்வார்கள். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

பக்கத்து வீட்டு இந்துக்கள் தீபாவளிக்கு பலகாரம் தர்றாங்க. வாங்கலாமா? நாம கேக் குடுத்தா அவங்க சாப்பிடுவாங்களா?

வாங்குங்கள், இரண்டு கையாலும் வாங்குங்கள். தெருவில் பரிமாறும் பலகாரத்தில் பெரும்பாலும் படைக்காததுதான் வரும். 1 கொரிந்தியர் 10-ல் பவுல் சொல்கிற வழி எளிது: அவிசுவாசி ஒருவன் அழைத்து முன்னே வைப்பதை ஒன்றும் விசாரியாமல் சாப்பிடு, ‘இது படைத்தது’ என்று அவனே சொன்னால் அவன் நிமித்தம் விட்டுவிடு. யாராவது ‘சாமிக்கு வச்சதுங்க’ என்று நீட்டினால், ‘அக்கா, இது மட்டும் வேண்டாங்க, எங்க பழக்கம் அப்படி’ என்று நான் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒருத்தரும் கோபித்துக்கொண்டதில்லை. அடுத்த வருஷம் முறுக்கைத் தனி டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நீங்கள் கொடுக்கும்போதும் அதே மரியாதை. சைவ வீட்டுக்கு முட்டை போட்ட கேக் அனுப்பாதீர்கள். அதிரசமும் அச்சு முறுக்கும் எந்த வீட்டுக்கும் போகும். பலகாரத் தட்டின் மேல் சுவிசேஷக் கைப்பிரதி (துண்டுப் பிரசுரம்) வைத்து அனுப்பலாமா என்று கேட்பார்கள். நான் வைப்பதில்லை. ஏன் இந்தப் பண்டிகை என்று அவர்களே கேட்பார்கள், அப்போது உட்கார்ந்து பேசலாம்.

எங்க வீட்ல நான் மட்டுந்தான் விசுவாசி. மாமியார் வீட்ல ஸ்டார் கூட மாட்ட விடமாட்டாங்க. என் கிறிஸ்மஸ் கிறிஸ்மஸ் தானா?

தான், சிஸ்டர். இந்தக் கட்டுரையில் மரம், குடில், ஸ்டார், கேக் என்று பேசியதில் எதுவும் இல்லாமலே முதல் கிறிஸ்மஸ் நடந்தது. ஸ்டாருக்காகச் சண்டை போடாதீர்கள். அன்றைக்குக் காலையில் ஆராதனைக்குப் போய்வர அனுமதி கேளுங்கள். அது ஒன்றுக்கு மட்டும் உறுதியாக நில்லுங்கள். திரும்பி வந்து வழக்கம்போல வீட்டு வேலையைப் பாருங்கள், முடிந்தால் மாமியாருக்குப் பிடித்ததாக ஒன்று சமையுங்கள். 1 பேதுரு 3-ல், பேச்சில்லாமல் நடக்கையினால் ஆதாயப்படுத்துவதைப் பற்றி எழுதியிருக்கிறது. சபையாருக்கு ஒரு வேண்டுகோள்: இப்படித் தனியாக வரும் சகோதரிகளை ஆராதனை முடிந்ததும் வாசலோடு அனுப்பாதீர்கள், அரைமணி நேரம் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள்.

நான் பெந்தெகொஸ்தே சபையில வளர்ந்தவ, அங்க கிறிஸ்மஸ் கிடையாது. கட்டிக்குடுத்த இடம் சிஎஸ்ஐ. மனசு ஒப்பல. இவங்களுக்காக நடிக்கணுமா?

நடிக்க வேண்டாம். சில பெந்தெகொஸ்தே சபைகளும் பிரதரன் சபைகளும் இந்த நாளை ஆசரிப்பதில்லை. அவர்களுடைய காரணம் நான்காவது கேள்வியில் இருப்பதுதான், அது பயபக்தியுள்ள காரணம். ரோமர் 14-இன் கடைசியில், விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே என்று இருக்கிறது. மனச்சாட்சி குத்தும்போது மரம் ஜோடிக்க வேண்டாம். அதேசமயம், அன்று காலை நடப்பது வேதவாசிப்பு, ஜெபம், பாட்டு, பிரசங்கம். செவ்வாய்க்கிழமை நடந்தால் உட்காருவீர்கள் அல்லவா? அதில் உட்காருங்கள். மற்றதை மெதுவாக யோசிக்கலாம்.

மாமியார்களுக்கும் சொல்கிறேன். புது மருமகள் ஸ்டார் மாட்ட வரவில்லை என்பதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். ‘உன்னால முடிஞ்சதுக்கு வாம்மா’ என்றால் போதும்.

கிறிஸ்மஸ் கொண்டாடுறவங்க பாபிலோன், பரலோகம் போகமாட்டாங்கன்னு ஒருத்தர் தெருவுல நின்னு பிரசங்கம் பண்றார். என்ன பதில் சொல்றது?

தெருவில் நின்று பதில் சொல்லாதீர்கள். இந்த வாக்குவாதம் புதிதும் அல்ல. இங்கிலாந்தில், வேதத்தில் இல்லாத சடங்கு எதுவும் சபையில் கூடாது என்ற பியூரிட்டன்கள் கை ஓங்கியிருந்தபோது 1647-ல் நாடாளுமன்றம் கிறிஸ்மஸ் பண்டிகையை ஒழித்தது. 1660-ல் ராஜா திரும்பிய பிறகுதான் அது மீண்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659-ல், கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். 1681-ல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பியூரிட்டன்கள் வேதத்தை நேசித்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதில் சேலத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1827-ல் சேலத்தில் ஊழியம் தொடங்கியது லண்டன் மிஷனரி சங்கம். அதில் பெரும்பாலானோர் காங்கிரிகேஷனல் சபையினர், அதாவது அதே பியூரிட்டன் வழிவந்தவர்கள். அந்த மிஷன் வளர்த்த சபைகள் பிறகு தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளோடு இணைந்து சிஎஸ்ஐ ஆனது. ஆக, பண்டிகையைத் தடுத்தவர்களின் பரம்பரையும் விடாமல் ஆசரித்தவர்களின் பரம்பரையும் இன்றைக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. தெருவில் நிற்கும் அந்தச் சகோதரர் கொண்டாடாமல் இருப்பதற்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். பரலோக வாசலில் அவர் காவல் நிற்பதற்குத்தான் மறுப்பு.

அப்பா தவறி மூணு மாசம்தான் ஆச்சு. சொந்தக்காரங்க இந்த வருஷம் பண்டிகை ஆகாதுங்கிறாங்க. கோவிலுக்குப் போகலாமா?

போகலாம். துக்கம் நடந்த வருஷம் பண்டிகை வைக்காதது நம் ஊர் வழக்கம், கிறிஸ்தவக் குடும்பங்களும் பலர் அதை விடவில்லை. புதுத்துணி, விருந்து, சீரியல் செட் வேண்டாம் என்று மனசு சொன்னால் வேண்டாம். அதில் தப்பே இல்லை. ஆனால் ‘தீட்டு, ஆகாது’ என்று ஆராதனையைத் தடுத்தால் அதற்குக் கட்டுப்படாதீர்கள். நமக்கு அந்தத் தீட்டு இல்லை.

கிறிஸ்மஸ் கதையை நாம் வருஷா வருஷம் அரைகுறையாகத்தான் வாசிக்கிறோம். மத்தேயு 2-ஐ முடிக்கும்வரை வாசித்தால், ஏரோது கொன்ற பெத்லகேம் பிள்ளைகளின் தாய்மார்கள் வருகிறார்கள். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள். லூக்கா 2-ல் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டே, உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும் என்று தாயிடம் சொல்கிறார். அழுகிறவர்களுக்கு அந்தப் பக்கங்களில் இடம் இருக்கிறது. முதல் வரிசையில் உட்காரப் பிடிக்காவிட்டால் பின்வரிசையில் உட்காருங்கள், அழுகையில் உங்கள் பாட்டு நின்றால் நிற்கட்டும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் ‘ஹேப்பி கிறிஸ்மஸ்’ என்று கை நீட்டாமல், கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

எனக்கு 25-ஆம் தேதி ஆஸ்பத்திரியில டியூட்டி. ஆராதனைக்குப் போகலன்னா பாவமா டீச்சர்?

பாவமில்லை. நோயாளியை விட்டுவிட்டு வந்தால்தான் நான் வருத்தப்படுவேன். 24 இரவு ஆராதனை உள்ள கோவில் பக்கத்தில் இருந்தால் அதற்குப் போங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு. தேதி சபை வைத்ததுதான் என்று இரண்டாவது பதிலில் பார்த்தோம். பழைய வழக்கப்படி ஜனவரி 5 வரை கிறிஸ்மஸ் காலம்தான், வீட்டுச் சாப்பாட்டை 27-க்கு மாற்றிக்கொள்வதில் ஒன்றும் குறைந்துவிடாது. தீபாவளிக்கு இந்துத் தோழி ஒருத்தியின் டியூட்டியை நீங்கள் பார்த்திருந்தால், கிறிஸ்மஸ் காலை ஷிஃப்டை அவள் பார்ப்பாளா என்று இப்போதே கேட்டுவையுங்கள். அடுத்த மாத டியூட்டி சார்ட் போடுவதற்கு முன்னால் கேட்டால்தான் நர்சிங் சூப்பரண்டும் மாற்றித் தருவார்.